கம்பத்துக்குத் திராட்சை பார்க்கப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

பெரம்பலூரிலும் அரியலூரிலும் தள்ளுவண்டியில் விற்கும் கருப்புப் பன்னீர் திராட்சை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், பெரும்பாலும் கம்பம் என்றுதான் பதில் வரும். தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில் இருக்கும் கம்பம் பள்ளத்தாக்குதான் தமிழ்நாட்டின் திராட்சை நாடு. காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் போகிறவர்களில் பலர் பந்தலுக்கு அடியில் நின்று படம் எடுத்துக்கொண்டு, இரண்டு கிலோ பழம் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்தப் பந்தலில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு போனால் அதே பயணம் பல மடங்கு பயன் தரும். ஒயின் செய்யும் தோட்டங்களைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இருப்பவர்களுக்கும் இது நல்ல தொடக்கம். அவர்கள் அடுத்து எங்கே போகலாம் என்பதையும் பின்னால் சொல்கிறேன்.

எப்படிப் போவது?

பெரம்பலூரிலிருந்து திருச்சி, திண்டுக்கல், வத்தலக்குண்டு, பெரியகுளம் வழியாகத் தேனி. அங்கிருந்து சின்னமனூர், உத்தமபாளையம் தாண்டினால் கம்பம். மொத்தம் ஏறத்தாழ 280 கிலோமீட்டர். பேருந்தில் போகிறவர்கள் திருச்சியிலும் திண்டுக்கல்லிலும் மாறிப் போகலாம்.

அரியலூர்க்காரர்களுக்கு ரயில் வசதி உண்டு. சென்னையிலிருந்து திருச்சி, மதுரை போகும் வழித்தடத்திலேயே ஊர் இருப்பதால் மதுரை வரை நேராகப் போய்விடலாம். மதுரை–தேனி பாதை அகலப் பாதையாக மாற்றப்பட்டு 2022 மே மாதம் மீண்டும் திறக்கப்பட்டது. 2023 ஜூனில் போடிநாயக்கனூர் வரை ரயில் ஓடத் தொடங்கியது. தேனியில் இறங்கினால் கம்பத்துக்குப் பேருந்து அடிக்கடி உண்டு.

சின்னமனூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் மலை தெரியத் தொடங்கும். மேற்கே கேரள எல்லையாக ஏலமலை, கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலைகளும். மலை மேல் ஏலக்காயும் தேயிலையும். பள்ளத்தாக்கில் நெல், வாழை, தென்னை, திராட்சை. ஓடைப்பட்டி, ஆனைமலையன்பட்டி, ராயப்பன்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, சுருளிப்பட்டி, கூடலூர் எல்லாம் திராட்சைக்குப் பேர்போன ஊர்கள். ஓடைப்பட்டிப் பக்கம் விதையில்லாப் பச்சைத் திராட்சை அதிகம். மற்ற இடங்களில் பன்னீர் திராட்சைதான் ராஜா. ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு எளிதான இடம், கம்பத்திலிருந்து சுருளி அருவிக்குப் போகும் சாலை. அதன் ஓரத்தில் வருகிறவர்களை உள்ளே விட்டுத் தோட்டத்தைக் காட்டிப் பழமும் விற்கும் பந்தல்கள் உண்டு.

அங்கே மட்டும் ஏன்?

நம் பக்கமும் மலை இருக்கிறதே, பச்சைமலையடியில் ஏன் இப்படித் திராட்சை இல்லை என்று கேட்கத் தோன்றும். மண்ணை மட்டும் வைத்துப் பார்த்தால் அது நியாயமான கேள்விதான். உலகப் புகழ்பெற்ற ஷாம்பெயின் ஒயின் விளையும் பிரான்ஸ் நாட்டுப் பகுதியில், கொடிகளின் வேர் இறங்குவது பழங்காலக் கடலடியில் படிந்த சுண்ணாம்புப் பாறைக்குள். அரியலூர் சிமெண்ட் ஆலைகள் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல்லும் கடலடியில் படிந்ததுதான். இரண்டும் கிரீட்டேசியஸ் காலத்தவை. அரியலூரின் மேல் படிவங்களும் ஷாம்பெயின் சுண்ணாம்பும் ஏறத்தாழ 7 முதல் 8 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காலத்தைச் சேர்ந்தவை. வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தில் இருக்கும் சிப்பிகளும் சுருள் ஓடுகளும் அந்தக் கடலின் சாட்சிகள்.

ஆனால் திராட்சைக்கு மண் மட்டும் போதாது. வேரடியில் தண்ணீர் தேங்கக் கூடாது. ஆனால் ஆண்டு முழுக்கக் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் இருக்க வேண்டும். பூக்கும்போதும் பழுக்கும்போதும் அடைமழை பெய்யக் கூடாது. பகலில் நல்ல வெயிலும் இரவில் கொஞ்சம் குளிர்ச்சியும் வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கில் தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மலை தடுத்து அந்தப் பக்கமே இறக்கிவிடுகிறது. இந்தப் பக்கம் வருவது சாரலும் குளிர்ந்த காற்றும்தான். தண்ணீருக்குப் பெரியாறு இருக்கிறது. 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை, மேற்கே ஓடிய ஆற்று நீரை மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பியது. அந்தத் தண்ணீரை நம்பிக் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. அதன் ஊற்றில் கிணறுகளில் நீர்மட்டம் நிற்கிறது. திராட்சைக்கு அந்தக் கிணற்று நீர் சொட்டுநீர்க் குழாய் வழியாகப் போகிறது. அணையைக் கட்டிய ஜான் பென்னிகுவிக்குக்கு லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் இருக்கிறது. அவர் பிறந்த ஜனவரி 15 அன்று தேனிப் பக்கம் ஊர் கூடிப் பொங்கல் வைக்கிறார்கள். திராட்சை பார்க்கப் போகிறவர்கள் அந்த மண்டபத்தையும் பார்த்துவிட்டு வருவது முறை.

பன்னீர் திராட்சை என்பது எது?

உலகம் இதை மஸ்கட் ஹாம்பர்க் என்று அழைக்கிறது. பிளாக் ஹாம்பர்க் என்ற கருப்பு ரகத்துக்கும் மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா என்ற மணமுள்ள வெள்ளை ரகத்துக்கும் பிறந்த பிள்ளை. நிறம் ஒருவரிடமிருந்து, ரோஜா வாசம் இன்னொருவரிடமிருந்து. இங்கிலாந்தின் கண்ணாடி வீடுகளில் வளர்ந்த இந்த ரகம், பிரெஞ்சுப் பாதிரியார்கள் மூலம் நம் பக்கம் வந்ததாகச் சொல்கிறார்கள். 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

பந்தலுக்கு அடியில் போனதும் ஒரு குலையைத் தொடாமல் நிதானமாகப் பாருங்கள். கருநீலப் பழத்தின் மேல் திருநீறு பூசியது போல் வெளிறிய படலம் இருக்கும். பலர் அதை மருந்து என்று நினைத்துத் துடைக்கப் போவார்கள். அது பழம் தானாகவே சுரக்கும் மெழுகு. உள்ளிருக்கும் ஈரம் காய்ந்துவிடாமல் பழத்தைக் காப்பது அதுதான். கை பட்டால் போய்விடும்; போனால் பழம் பழசாகத் தெரியும், வியாபாரி விலையைக் குறைப்பார். அதனால்தான் அறுவடைக்காரர்கள் பழத்தைப் பிடிக்காமல் காம்பைப் பிடித்துக் கத்தரிக்கோலால் வெட்டுகிறார்கள். உடைந்த பழத்தையும் காயையும் கோல் முனையால் தட்டிவிட்டுப் பெட்டியில் அடுக்குகிறார்கள். தோட்டக்காரர் ஒரு பழம் கொடுத்தால் கழுவிவிட்டு வாயில் போடுங்கள். தோல் கொஞ்சம் தடிப்பு, உள்ளே விதை உண்டு. கடித்ததும் முதலில் வருவது வாசம், அப்புறம்தான் இனிப்பு.

கவாத்துதான் பருவம்

திராட்சை சீசன் எப்போது என்று கேட்டுவிட்டுத்தான் எல்லாரும் கிளம்புகிறார்கள். கம்பத்தில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது.

பிரான்ஸிலும் இத்தாலியிலும் குளிர்காலம் வந்தால் திராட்சைக் கொடி இலையெல்லாம் உதிர்த்து உறங்கிவிடும். வசந்தத்தில் துளிர்த்து, இலையுதிர் காலத்தில் பழம். ஆண்டுக்கு ஒரே அறுவடை, ஊருக்கெல்லாம் ஒரே பருவம். கம்பத்தில் கொடியை உறங்க வைக்கும் அளவுக்குக் குளிர் வராது. விட்டால் அது இலையும் தண்டுமாக ஓடிக்கொண்டே இருக்கும். பழம் வேண்டுமென்றால் விவசாயிதான் அதை நிறுத்தி, திரும்பக் கிளப்ப வேண்டும். அதற்குத்தான் கவாத்து. முருங்கையை வெட்டிவிட்டால் புதுக் கிளை வெடித்துப் பூப்பதை நாம் வீட்டில் பார்த்திருக்கிறோம்; கொடியிலும் அதுதான் நடக்கிறது.

ஆனால் எங்கே வெட்டுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முற்றிய குச்சியில் வரிசையாகக் கணுக்கள் இருக்கும். ஒவ்வொரு கணுவிலும் ஒரு மொட்டு; விவசாயிகள் அதைக் கண் என்பார்கள். அடுத்த பூங்கொத்து அந்தக் கண்ணுக்குள் முந்தைய விளைச்சலின் போதே உருவாகிவிடுகிறது. எந்தக் கண்ணில் பூ இருக்கும் என்பது ரகத்துக்கு ரகம் மாறும். பன்னீர் திராட்சைக்குப் பொதுவாக நான்கு கண் விட்டு வெட்டுகிறார்கள். வெட்டி முடித்த தோட்டத்தில் ஓர் இலை இருக்காது. கல்தூண்களும் மேலே கம்பி வலையும் அதன் மேல் பழுப்பு நிறக் குச்சிகளும்தான் தெரியும். பார்த்தால் பட்டுப்போன தோட்டம் மாதிரி இருக்கும். சில நாட்களில் கண்கள் பொங்கித் துளிர் வரும். துளிரோடு பூங்கொத்தும் வரும். வெட்டியதிலிருந்து ஏறத்தாழ நான்கு மாதத்தில் பழம் பறிக்கலாம்.

வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் பட்டங்கள் இரண்டு. டிசம்பர்–ஜனவரியில் கவாத்து செய்தால் ஏப்ரல்–மே மாதங்களில் அறுவடை. மே–ஜூனில் கவாத்து செய்தால் ஆகஸ்ட்–செப்டம்பரில் அறுவடை. ஆனால் எல்லாரும் ஒரே வாரத்தில் வெட்டினால் ஒரே வாரத்தில் பழம் குவிந்து விலை விழும். அதனால் தோட்டத்துக்குத் தோட்டம் தேதியை மாற்றி வெட்டுகிறார்கள். ஒரு பந்தலில் துளிர், வரப்புக்கு அந்தப் பக்கம் பிஞ்சு, சாலைக்கு எதிரே அறுவடை என்று மூன்று நிலைகளையும் ஒரே நாளில் பார்க்க முடிவது இதனால்தான். ஐரோப்பாவில் இதைப் பார்க்க முடியாது. கம்பத்துக்குப் போகிறவர்கள் காண வேண்டிய முதல் அதிசயம் இது. எந்தத் தோட்டத்துக்குள் நுழைந்தாலும் “கவாத்து எப்போ பண்ணீங்க?” என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கே தோட்டக்காரர் முகம் மலர்ந்து மீதிக் கதை முழுவதையும் சொல்வார்.

ஆண்டு முழுவதும் பழம் உண்டென்றாலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் போவது அவ்வளவு நல்லதில்லை. பழுத்த பழம் மழையில் வெடிக்கும், நோய் பரவும், மருந்தடிப்பும் அதிகமாக இருக்கும். மழை ஓய்ந்த தை மாதத்துக்குப் பிறகும், ஆகஸ்ட் அறுவடையின் போதும் போவது நல்லது.

துத்தமும் சுண்ணாம்பும்

தோட்டத்தில் இலைகளின் மேல் நீலப் பூச்சு தெரிந்தால் அது போர்டோ கலவை. திராட்சையின் பெரிய எதிரி அடிச்சாம்பல் நோய். ஈரமும் மேகமூட்டமும் சேர்ந்தால் இலைக்கு அடியில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்து பூவையும் பிஞ்சையும் கருக்கிவிடும். இதற்கான மருந்து பிரான்ஸ் நாட்டு போர்டோவில் தற்செயலாகக் கிடைத்தது. அங்கே சாலையோரக் கொடிகளில் வழிப்போக்கர்கள் பழம் பறிக்காமல் இருக்க, துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்துத் தெளித்து வைப்பார்கள். ஊரெல்லாம் நோய் பரவியபோது அந்தச் சாலையோரக் கொடிகள் மட்டும் பச்சையாக நிற்பதை மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர் கவனித்தார். சோதித்துப் பார்த்து 1885-இல் உலகுக்குச் சொன்னார். இன்றைக்கும் ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர் என்பதுதான் ஒரு சதவீதக் கலவைக்கான கணக்கு.

இதோடு வேறு பூச்சிமருந்துகளும் பூஞ்சாண மருந்துகளும் அடிக்கிறார்கள். அதனால் பந்தலில் கை நீட்டிப் பறித்து அப்படியே தின்பது கூடாது. “மருந்தடிச்சு எத்தனை நாளாச்சு?” என்று கேட்டுவிட்டு, அறுவடைக்குத் தயாரான பழத்தை மட்டும் வாங்கிக் கழுவித் தின்னுங்கள். குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

ஒயினுக்கு ஆகுமா?

கம்பத்துப் பழம் பெரும்பாலும் சாப்பிடவும் சாறு பிழியவும்தான் போகிறது. ஒயினுக்கு ஆகாது என்பதில்லை. சீனாவில் இதே மஸ்கட் ஹாம்பர்க்கை வைத்து ஒயின் செய்கிறார்கள். ஆனால் ஒயினுக்கு வளர்ப்பதும் சாப்பிட வளர்ப்பதும் வேறு வேறு.

ஒயின் என்பது பழத்தின் சர்க்கரையை ஈஸ்ட் நுண்ணுயிர் தின்று சாராயமாக மாற்றுவது. ஒரு லிட்டர் சாறில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை இருந்தால் ஒரு சதவீதம் ஆல்கஹால் வரும். 12 சதவீதம் வேண்டுமென்றால் 200 கிராமுக்கு மேல் சர்க்கரை வேண்டும். அதற்குக் கொடியில் பழம் குறைவாக இருக்க வேண்டும், நன்றாக முற்றும் வரை காத்திருக்க வேண்டும். சாப்பிடும் திராட்சைக்கு எடைதான் காசு. பன்னீர் ரகத்தில் ஹெக்டேருக்கு 30 டன் வரை எடுக்கலாம். ஒயின் விவசாயி அதில் மூன்றில் ஒரு பங்கோடு திருப்தியடைவார். பழத்தைச் சிறியதாக, தோல் தடிப்பாக வளர்ப்பார், ஏனென்றால் சிவப்பு ஒயினின் நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்துதான் வருகின்றன. சாறோடு தோலையும் சேர்த்து ஊறவிட்டால் சிவப்பு ஒயின், தோலை நீக்கிச் சாறை மட்டும் புளிக்கவிட்டால் வெள்ளை ஒயின்.

இதை நேரில் பார்க்க வேண்டுமென்றால் நமக்குப் பக்கத்தில் இருப்பது பெங்களூருக்கு வடக்கே நந்தி மலை அடிவாரம். பெரம்பலூரிலிருந்து ஆத்தூர், சேலம், கிருஷ்ணகிரி வழியாகப் பெங்களூர் போய், அங்கிருந்து தொட்டபள்ளாபுரம் பக்கம் போக வேண்டும். கன்வல் குரோவர் 1988-இல் தொடங்கிய குரோவர் நிறுவனத்தின் தோட்டமும் ஆலையும் அங்கேதான். இன்று குரோவர் சாம்பா என்ற பெயரில் நடக்கிறது. பிரான்ஸின் புகழ்பெற்ற ஒயின் ஆலோசகர் மிஷெல் ரோலான் இவர்களுக்கு வழிகாட்டினார். இன்னும் பெரிய அளவில் பார்க்க விரும்பினால் மகாராஷ்டிரத்தின் நாசிக். 1999-இல் தொடங்கிய சுலா அங்கே ஒயின் சுற்றுலாவையே ஒரு தொழிலாக வளர்த்தது.

இந்தத் தோட்டங்களில் ஆண்டுக்கு இரண்டு கவாத்து உண்டு, ஆனால் அறுவடை ஒன்றுதான். ஏப்ரல் வாக்கில் ஒட்ட வெட்டிக் கொடியை வளரவிடுவார்கள். மழை முடியும் செப்டம்பர்–அக்டோபரில் பழத்துக்காக மறுபடி வெட்டி, ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை செய்வார்கள். ஒயின் தோட்டம் பார்க்கப் போகிறவர்கள் அந்த மாதங்களில் போனால்தான் பழம் நசுங்குவதையும் தொட்டிகளில் சாறு பொங்குவதையும் பார்க்கலாம். ஆலையைச் சுற்றிக் காட்டக் கட்டணம் உண்டு. முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். சுவைத்துப் பார்க்கிறவர்கள் வயதுச் சான்று எடுத்துப் போக வேண்டும். வண்டி ஓட்டுகிறவர் ஒரு வாய் கூடக் குடிக்கக் கூடாது. மாநில எல்லை தாண்டிப் பாட்டில் கொண்டுவர மதுவிலக்குச் சட்டத்தில் கட்டுப்பாடு இருக்கிறது, விசாரிக்காமல் வண்டியில் ஏற்றாதீர்கள்.

வாங்கும்போது

மாம்பழமும் வாழையும் பறித்த பிறகு பழுக்கும். திராட்சை பழுக்காது. பறித்த நேரத்தில் எவ்வளவு இனிப்போ அவ்வளவுதான். அதனால் ஒரு பழத்தைத் தின்று பார்த்துவிட்டு வாங்குங்கள், குலையின் அடிநுனியில் இருப்பதைப் பறித்துக் கழுவித் தின்னுங்கள். அதுதான் கடைசியாகப் பழுக்கும். அது இனித்தால் குலை முழுவதும் இனிக்கும். காம்பு பச்சையாக இருக்க வேண்டும். காம்பு காய்ந்திருந்தால் பறித்து நாளாகிவிட்டது என்று அர்த்தம். வீடு வரும் வரை கழுவ வேண்டாம். அட்டைப் பெட்டியில் காகிதம் விரித்து ஒரே அடுக்காக வைத்தால் பெரம்பலூர் வரை நசுங்காமல் வரும்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. மகாராஷ்டிரத்து விதையில்லாத் திராட்சை சந்தைக்கு வரும் மாதங்களில் கம்பத்துப் பழத்தின் விலை இறங்கிவிடுகிறது. பழுத்த பழத்தைக் கொடியில் நிறுத்தி வைக்கவும் முடியாது. பந்தல் போட்ட கடன், மருந்துச் செலவு, கூலி எல்லாம் நிற்க, வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிட வேண்டிய நிலை. குளிர்பதனக் கிடங்கும் சாறு, ஒயின் ஆலைகளும் வேண்டும் என்று அங்கத்து விவசாயிகள் பல காலமாகக் கேட்டு வருவது இதற்காகத்தான். மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளைத்து விலைக்குக் காத்திருக்கும் பெரம்பலூர் விவசாயிக்கு இந்த நிலைமையை யாரும் விளக்க வேண்டியதில்லை. தோட்டத்திலேயே வாங்குகிறபோது பேரம் பேசாதீர்கள். நாம் கொடுக்கும் காசு முழுதாக விளைத்தவர் கைக்குப் போகிற இடம் அது ஒன்றுதான்.

முதல் பயணத்துக்குக் கம்பத்தையே தேர்ந்தெடுங்கள் என்பது என் கருத்து. குடும்பத்தோடு போகலாம், செலவு குறைவு, தமிழில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இரண்டு நாள் ஒதுக்கினால் முதல் நாள் தோட்டங்களும் சுருளி அருவியும், மறுநாள் லோயர் கேம்ப்போ மேகமலையோ பார்த்துவிட்டுத் திரும்பலாம். மேகமலைக்குப் போகிறவர்கள் வனத்துறை சோதனைச் சாவடியின் நேரக் கட்டுப்பாட்டைச் சின்னமனூரிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். கவாத்தும் கண்ணும் அங்கே புரிந்துவிட்டால், நந்தி மலைக்கோ நாசிக்குக்கோ பிறகு எப்போது போனாலும் அந்தத் தோட்டங்களில் என்ன நடக்கிறது என்று யாரும் சொல்லாமலே உங்களுக்குத் தெரியும்.